மேடை ஏறும் முன் இசைக்குழுவின் மின்கருவிகளைச் சோதித்தல்: திருகோணமலைக் குழுக்களுக்கான வழிகாட்டி

கிற்றார் வாசிப்பவரின் கை எப்போதும் உலோகக் கம்பிகளின் மேல் இருக்கிறது. பாடுவதற்காக அவர் முன்னே சாயும்போது உதடு மைக்கின் உலோக வலையைத் தொடுகிறது. கிற்றார்க் கம்பிகள் கேபிள் வழியாக, ஒலியைப் பெருக்கும் கருவியான அம்பின் உலோக உடலோடும், அந்த அம்ப் செருகப்பட்டுள்ள சொக்கெற்றின் புவிக்கம்பியோடும் (எர்த் வயர்) இணைந்திருக்கின்றன. மைக்கோ, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வழியாக, பெரும்பாலும் வேறொரு சொக்கெற்றின் புவிக்கம்பியோடு இணைந்திருக்கிறது. இவ்விரு புவிக்கம்பிகளுக்கும் இடையே வோல்ற்றளவு வேறுபாடு இருந்தால், மின்னோட்டம் கையிலிருந்து மார்பைக் கடந்து உதட்டுக்குப் பாயும். 1972 மே 3 ஆம் திகதி, வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி புவித்தொடுப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அன்றைய கருவிகளைவிட இன்றைய கருவிகள் நன்றாகவே செய்யப்படுகின்றன. ஆனால் மேற்சொன்ன சுற்றுவழி அப்படியே இருக்கிறது.

திருகோணமலையில் ஒரு குழு ஆண்டு முழுவதும் ஒரே வகையான மின்வழங்கலில் வாசிப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் கடற்கரையோரம் வாசிப்பவர்களே கோயில் வீதிக் கொட்டகையிலும், கல்யாண மண்டபத்திலும், பாடசாலை மைதானத்திலும் வாசிக்கிறார்கள். ஓரிடத்தில் புதிய வயரிங் இருக்கும். ஓரிடத்தில் பக்கத்து வீட்டு யன்னலால் இழுத்துவந்த நீட்டு வயர் இருக்கும். இன்னோரிடத்தில் லொறியில் வந்த ஜெனரேற்றர் இருக்கும். ஆகவே சோதனைக்கு இரண்டு பாகங்கள் உண்டு: பயிற்சி அறையில் ஆறுதலாகச் செய்யும் கருவிச் சோதனை ஒன்று, மேடையில் ஒலிச்சரிபார்ப்புக்கு முன் செய்யும் மின்வழங்கற் சோதனை மற்றொன்று. முதலாவதைச் செய்து ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டால் போதும் என்று பல குழுக்கள் நினைக்கின்றன. குழுவின் அம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் புவிமுள் செருகப்படும் துளைக்குப் பின்னால் வயரே இல்லையென்றால் அந்தச் சீட்டுக்குப் பெறுமதி இல்லை.

இங்கே நம் நாட்டு மின்வழங்கல் பற்றிய ஓர் அடிப்படை விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 230 வோல்ற் மின்சாரம் கட்டடத்துக்கு வரும்போது அதனோடு பொதுவாகப் புவிக்கம்பி வருவதில்லை; ஒவ்வொரு கட்டடமும் தன் வளவில் நிலத்துள் அடித்த செப்புக் கோலையே நம்பியிருக்கிறது. அந்தக் கோலுக்கும் நிலத்துக்கும் இடையிலான தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; காய்ந்த மணலில் இது நடக்கக்கூடியதே. அம்பினுள் உயிர்க்கம்பி (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி) அறுந்து உலோக உடலைத் தொட்டால், 230 ஐ 100 ஆல் வகுக்க, நிலத்துக்குப் போவது ஏறத்தாழ 2.3 அம்பியர் மட்டுமே. பிளக்கினுள் இருக்கும் 13 அம்பியர் உருகி இதற்கு உருகாது. சுவரிலுள்ள சுற்றுடைப்பானும் (பிரேக்கர்) விழாது. அம்பின் உடல் ஏறக்குறைய முழு வோல்ற்றளவிலும் நின்றுகொண்டிருக்கும். அப்போது காப்பாற்றக்கூடியது நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்லும் எச்ச மின்னோட்டச் சாதனம் ஒன்றுதான். உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமல் (நியூட்ரல்) கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லியம்பியர் வேறுபட்டால், அது ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஏறத்தாழ 10 மில்லியம்பியருக்கு மேல் பாயும்போதே பலரால் பிடித்ததை விட முடியாது போகும் என்பதை நினைத்தால் அந்த வேகத்தின் அவசியம் புரியும். சுவிட்சின் முகப்பில் 30 மில்லியம்பியர் என்றோ, அம்பியரில் 0.03 என்றோ அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 100 அல்லது 300 மில்லியம்பியர் என்றிருப்பவை தீவிபத்தைத் தடுப்பதற்கானவை. மனிதரைக் காக்கும் அளவல்ல.

குழு சொந்தமாக வைத்திருக்க வேண்டிய பொருட்கள் அதிகமில்லை: ஒரு நல்ல மல்டிமீற்றர், மூன்று விளக்குகள் கொண்ட சொக்கெற் சோதிப்பான், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் பொருத்திய ஒரு நீட்டு வயர், ஒரு டோர்ச், ஒரு கொப்பி. மின் கசியாமல் தடுக்கும் காவலியின் தடையை அளக்கும் மெகரும், ட்ரிப் சுவிட்ச் விழும் நேரத்தை அளக்கும் கருவியும் விலை கூடியவை. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த மின்னியலாளரை ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பதே சரியான வழி. கருவிகளைத் திறந்து பார்க்கும் வேலைகளும் அவருக்குரியவை.

கண்ணால் பார்க்கும் சோதனையைச் சிறிதாக எண்ண வேண்டாம். பெரும்பாலான குறைகள் மீற்றர் வெளியே வருமுன்னரே அகப்பட்டுவிடும். பிளக்கைத் திறந்து பாருங்கள். பழைய வயர்களில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவிக்கம்பி. புதியவற்றில் முறையே மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும். வயரின் வெளியுறை பிளக்கினுள்ளேயே பற்றியால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளிருக்கும் நிறக் கம்பிகள் வெளியே தெரிந்தால் அந்த வயர் மேடைக்கு வரக்கூடாது. உருகி இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ கம்பித் துண்டையோ கண்டால், அந்தக் கருவியின் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஏறத்தாழ 700 வாற்று வரையான கருவிக்கு 3 அம்பியர் உருகி போதும். கீபோர்ட்டும் சிறிய கிற்றார் அம்பும் இதில் அடங்கும். பெரிய பவர் அம்புகள் தொடங்கும்போது திடீரென அதிகம் இழுப்பதால், அவற்றுக்கு உற்பத்தியாளர் குறித்த அளவையே போட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய எதிரி உப்புக்காற்று. டச்சு வளைகுடாவை ஒட்டியோ நிலாவெளிக் கரையிலோ ஒரு பருவம் முழுவதும் வாசித்த குழுவின் பிளக் முட்களில் பச்சை பூத்திருக்கும். அம்பின் பின்பக்கத் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். துருப்பிடித்த திருகாணி அழகுக் குறை மட்டுமல்ல. அம்பினுள் புவிக்கம்பி உடலோடு சேர்வதும் பெரும்பாலும் அப்படியொரு திருகாணியில்தான். உப்புப் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், பகலில் நன்றாக இருந்த காவலி இரவுப் பனியில் கசியத் தொடங்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகும், மே மாதப் பருவம் தொடங்குவதற்கு முன்பும் ஒரு முழுச் சோதனை செய்வது இந்தக் காரணத்தால் பொருத்தமானது. உள்நாட்டுக் குழுவொன்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதுமாக இருக்கலாம். கரையோரக் குழுவுக்குப் போதாது என்பது என் கருத்து.

புவிமுள்ளை முறித்த பிளக், மூன்று கம்பி வயரில் பொருத்திய இரண்டு முள் பிளக், வட்டமுள் 5 அம்பியர் பிளக்கைச் சதுரமுள் சொக்கெற்றில் பேனையால் திறந்து திணிக்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் எந்த விவாதமுமின்றி நிறுத்த வேண்டும். விடுதியில் சதுரமுள், பழைய மண்டபத்தில் 15 அம்பியர் வட்டமுள் என்று வேறுபடும் என்பதால், புவிமுள் தொடர்ச்சியுள்ள தரமான மாற்றிகளைக் குழுவே கொண்டுபோவது நல்லது.

அடுத்தது புவித் தொடர்ச்சி. முதலில் கருவியின் வகையை அறிய வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி உள்ள அடப்ரர்கள் இரட்டைக் காவலி உடையவை. அவற்றுக்குப் புவிக்கம்பி தேவையில்லை. உலோக உடலுடைய அம்ப், பவர் அம்ப், பெரும்பாலான மிக்ஸர்கள் புவிக்கம்பியை நம்பியே பாதுகாப்பாக இருக்கின்றன. இவற்றைச் சுவரிலிருந்து கழற்றி, மல்டிமீற்றரைத் தடை அளவில் வைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கிடைக்கும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். ஒரு முனையைப் பிளக்கின் நீளமான புவிமுள்ளிலும், மற்றதை அம்பின் உடலில் வர்ணம் பூசப்படாத திருகாணியிலும் வையுங்கள். கிற்றார் செருகும் துளையின் உலோகத்தில் மட்டும் வைத்து அளந்தால் ஏமாற நேரிடும். சில அம்புகளில் அது உடலோடு நேரடியாக இணைவதில்லை. பிரித்தானியாவில் பின்பற்றப்படும் நடைமுறைக் கோவையின்படி 0.1 ஓமும் வயரின் சொந்தத் தடையும் சேர்ந்ததே உச்ச எல்லை. 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.02 ஓம் என்பதால், 10 மீற்றர் வயரோடு 0.3 ஓம் வரை வரலாம். அளக்கும்போது வயரைப் பிளக்கின் வாயிலிலும் அம்பின் வாயிலிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள்; எண் துள்ளினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. சாதாரண மல்டிமீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துவதால், ஒரேயொரு இழையில் தொங்கும் புவிக்கம்பியையும் அது நல்லதென்று காட்டிவிடும். 200 மில்லியம்பியரோ அதற்கு மேலோ செலுத்தி அளக்கும் உரிய சோதனைக் கருவி தேவைப்படுவது இதனால்தான்.

நீட்டு வயர்களுக்கு மூன்று கம்பிகளையும் முனைக்கு முனை அளந்து, உயிர்க்கம்பியும் நொதுமலும் இடம்மாறவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சுருளில் வரும் நீட்டு வயரை முழுவதும் அவிழ்த்த பின்னரே பயன்படுத்துங்கள். சுற்றியபடியே பெரிய சுமையைக் கொடுத்தால் உள்ளே வெப்பம் ஏறி உறை உருகிவிடும்.

காவலித் தடையை மின்னியலாளர் 500 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் அளப்பார். உயிர்க்கம்பியையும் நொதுமலையும் சேர்த்து, அவற்றுக்கும் புவிக்கும் இடையில் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். இரட்டைக் காவலிக் கருவிகளுக்கு 2 மெகா ஓம். கருவியின் சுவிட்ச் போடப்பட்ட நிலையில் அளக்காவிட்டால் பிளக்கிலிருந்து சுவிட்ச் வரையான துண்டை மட்டுமே அளந்ததாகும். மின்னெழுச்சிப் பாதுகாப்பு உள்ள கருவிகளில் 500 வோல்ற் தவறான அளவைக் காட்டலாம் என்பதால் 250 வோல்ற்றில் அளப்பது வழக்கம். எல்லாச் சிக்னல் கேபிள்களையும் முன்னரே கழற்றிவிட வேண்டும்.

கீபோர்ட்டையோ லப்டொப்பையோ தொடும்போது உணரப்படும் மெல்லிய அரிப்பு பற்றிப் பலர் கேட்பதுண்டு. இரண்டு முள் அடப்ரர்களினுள் இரைச்சலைக் குறைக்க வைக்கப்படும் சிறிய கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிகிறது. மீற்றரில் அது 100 வோல்ற்றுக்கு மேல் காட்டினாலும், பாயக்கூடிய அளவு ஒரு மில்லியம்பியரிலும் மிகக் குறைவு. இரட்டைக் காவலிக் கருவிக்கு 0.25 மில்லியம்பியர் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. மூன்று முள் பிளக் உடைய உலோக அம்பில் அதே அரிப்பு வந்தால் கதை வேறு: புவிக்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அந்த அம்ப் உடனே மேடையை விட்டு இறங்க வேண்டும். கசிவுகள் ஒன்றோடொன்று கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரே 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சின் கீழ் வரும் எல்லாக் கருவிகளின் கசிவும் சேர்ந்து 9 மில்லியம்பியரைத் தாண்டாமல் வைத்திருந்தால், பாட்டின் நடுவில் காரணமின்றி அது விழுவது குறையும். விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பவரை மேடைக்கு அருகில் விடாதீர்கள்.

வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பழைய வால்வ் அம்ப் வைத்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதனுள் 400 வோல்ற்றுக்கு மேலான நேர்மின்னோட்டம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். 1960களின் அமெரிக்க அம்புகள் சிலவற்றில் இரண்டு முள் பிளக்கும், மின்வழங்கற் கம்பியிலிருந்து உடலுக்கு நேராகப் போகும் ஒரு கொள்ளளவியும் இருந்தன. அந்தக் கொள்ளளவி குறுக்கிணைந்தால் கிற்றார்க் கம்பிகளே உயிர்க்கம்பியாகிவிடும். அதை அகற்றி மூன்று முள் பிளக் பொருத்துவது அனுபவமுள்ள திருத்துநரின் வேலை.

இனி மேடை. ஒலிச்சரிபார்ப்புக்கு முன், எதையும் செருகாமல், ஒவ்வொரு சொக்கெற்றிலும் சோதிப்பானைச் செருகிப் பாருங்கள். உயிர்க்கம்பியும் நொதுமலும் இடம்மாறியிருப்பதையும், புவிக்கம்பி இல்லாததையும் அது காட்டும். நொதுமலும் புவிக்கம்பியும் இடம்மாறியிருப்பதை அது காட்டாது. புவிக்கோலின் தரத்தையும் காட்டாது. புவித்தடையை அளக்கும் கருவி மின்னியலாளரிடம் உண்டு. மண்டபத்தாரிடம் அண்மைய அளவைக் கேட்டுப் பெறலாம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் உயிர்க்கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையிலேயே வேலை செய்வதால், புவிக்கம்பியே இல்லாத கட்டடத்திலும் சுவிட்ச் விழும். ஆகவே பொத்தான் வேலை செய்வதைக் கண்டு எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. மின்னியலாளரின் கருவி இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும்: 15 மில்லியம்பியரில் விழக்கூடாது, 30 இல் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும், 150 இல் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும்.

மேடையிலுள்ள எல்லாக் கருவிகளையும், சவுண்ட்ஸ் அண்ணன்மார் கொண்டுவரும் மிக்ஸரையும் சேர்த்து, ஒரே பகிர்வுப் பெட்டியிலிருந்து எடுப்பதே மிகச் சிறந்த ஒழுங்கு. கோயில் கொட்டகையில் குழுவுக்கு மண்டபத்திலிருந்தும், ஒலியமைப்புக்கு எதிர்வீட்டிலிருந்தும் வயர் வந்தால், இரண்டு வெவ்வேறு புவிக்கோல்கள் கிற்றார் கலைஞரின் உடலில் சந்திக்கின்றன. இரண்டும் வெவ்வேறு ஃபேஸ்களாக இருந்தால், உயிர்க்கம்பிகளுக்கு இடையே 400 வோல்ற் நிற்கும்.

எல்லாம் இணைத்து இயக்கிய பின், பாடகர் வருமுன், மல்டிமீற்றரை மாறுமின்னோட்ட வோல்ற்றளவில் வைத்து ஒரு முனையைக் கிற்றார்க் கம்பியிலும் மற்றதை மைக் வலையிலும் வையுங்கள். இந்த ஓர் அளவைத் தவறவிடக்கூடாது; மற்ற எல்லாவற்றுக்கும் நேரமில்லாத நாளிலும் இதற்கு அரை நிமிடம் போதும். ஓரிரு வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. பத்துக்கணக்கில் காட்டினால் யாரையும் தொடவிடாமல் நிறுத்திவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காரணத்தைத் தேடுங்கள். உள்தடை குறைந்த அளவுமுறை உள்ள மீற்றரில் அந்த எண் உடனே விழுந்துவிட்டால், அது அடப்ரர் கசிவாக இருக்கலாம். விழாமல் நின்றால் உண்மையான பழுது. மேடைக் கம்பங்களுக்கும் அலங்கார விளக்குகள் கட்டிய இரும்புச் சட்டத்துக்கும் இதே அளவை எடுங்கள்.

ஸ்பீக்கரில் ம்ம்ம் என்ற இரைச்சல் வரும்போதுதான் புவிமுள்ளை முறிக்கும் ஆசை பிறக்கிறது. இரைச்சலுக்குக் காரணம் இரண்டு கருவிகளின் புவிக்கம்பிகள் சிக்னல் கேபிளின் உறையோடு சேர்ந்து ஒரு வளையமாவதே. அந்த வளையத்தைச் சிக்னல் பக்கத்தில் வெட்ட வேண்டும்: கருவியை மிக்ஸரோடு இணைக்கும், நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) உள்ள டீ.ஐ. பெட்டியின் புவி விலக்கும் சுவிட்ச் அதற்கென்றே இருக்கிறது. மின்வழங்கற் பக்கத்தில் வெட்டினால், இரைச்சலோடு பாதுகாப்பும் போய்விடும்.

மின்வெட்டு வந்தால் ஜெனரேற்றர் இயங்கும். சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் நொதுமல் கம்பி உடலோடும் நிலத்தோடும் இணைக்கப்பட்டிருப்பதில்லை. அந்த நிலையில் முதலாவது பழுது வரும்போது ட்ரிப் சுவிட்ச் விழாது. இரண்டாவது பழுதுதான் ஆளைத் தாக்கும். நொதுமலை ஓரிடத்தில் மட்டும் உடலோடு இணைத்து, புவிக்கோல் அடித்து, அதற்குப் பின் ட்ரிப் சுவிட்ச் வைப்பது மின்னியலாளரின் பொறுப்பு. உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்க்காமல் இதைச் செய்யக்கூடாது. கோலைக் காய்ந்த மேல்மணலில் குத்தாமல், ஈரம் எட்டும் ஆழத்துக்கு அடிக்க வேண்டும். மண்டபத்து வயரிங்கோடு இணைப்பதாயின், வீதி மின்சாரம், ஜெனரேற்றர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. அப்படி இணைத்தால் மின்சாரம் வீதிக் கம்பிக்குத் திரும்பி, அங்கே திருத்த வேலை செய்பவரைக் கொன்றுவிடலாம்.

நீட்டு வயர்களின் பொருத்துகள் புல்லிலும் மணலிலும் கிடக்காமல், கல்லின் மேலோ பெட்டியின் மேலோ உயர்ந்திருக்கட்டும். பொலித்தீன் பையால் இறுகக் கட்டுவது உள்ளே வியர்வையைத் தேக்குமே தவிர மழையைத் தடுக்காது. வெளியிடத்துக்கென்று செய்த மூடியுள்ள சொக்கெற்றுகளைப் பயன்படுத்துங்கள். தூறல் தொடங்கினால் பிரதான சுவிட்சை நிறுத்திய பிறகே கருவிகளை மூட வேண்டும். கடலில் கால் நனைத்து வந்தவர் வெறுங்காலோடு கிற்றாரைத் தூக்கக்கூடாது என்று சொன்னால் சிரிப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.

பிரதான சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை நிகழ்ச்சி தொடங்குமுன் குழுவில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஷொக் அடித்தால், முதலில் அந்தச் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு முன் அவரைத் தொட வேண்டாம். நிறுத்த முடியாதபோது காய்ந்த மரத்தடியால் வயரை விலக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியுலன்ஸை வரவழைத்து, மூச்சில்லையென்றால் மார்பழுத்தத்தை உடனே தொடங்குங்கள். எழுந்து நடந்தாலும் அவரை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்; இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைந்திருப்பது வெளியே தெரியாது. அவர் தொட்ட கருவியையும் அது செருகப்பட்டிருந்த சொக்கெற்றையும் கொப்பியில் எழுதி, சிவப்பு நாடாவால் கட்டி ஒதுக்கி வையுங்கள். மின்னியலாளர் அளந்து கையொப்பமிடும்வரை அவை இரண்டும் பயன்பாட்டுக்கு வரக்கூடாது.